கருத்து சொன்ன பாடகிக்கு மேடை தரலாமா? ஒரு சிறிய சபாவின் சிக்கல்

கேள்வி: சபாக் காரியதரிசி

அன்பர்களுக்கு வணக்கம்.

மாதம் ஒரு கச்சேரி நடத்தும் ஒரு சிற்றூர்ச் சபாவின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் உறுப்பினர் சந்தா மண்டப வாடகைக்கும் ஒலிபெருக்கிக்குமே சரியாகிவிடும். கலைஞர்களுக்கான சன்மானம் முழுவதும் உள்ளூர்ப் புரவலர்கள் சிலரின் நன்கொடையை நம்பியே இருக்கிறது. வரும் ஆவணி மாதக் கச்சேரிக்கு ஓர் இளம் பாடகியை அழைப்பதென்று செயற்குழு முடிவு செய்து, அவரும் இசைந்து, பக்கவாத்தியமும் பேசி முடித்த பிறகு, அவர் சமூக ஊடகத்தில் ஒரு சட்டத்தைப் பற்றித் தம் கருத்தை எழுதினார். நாகரிகமாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அதைப் படித்த புரவலர் ஒருவர், இந்தப் பாடகி எங்கள் மேடையில் பாடுவதாக இருந்தால் இவ்வாண்டு தம்முடைய நன்கொடையை எதிர்பார்க்க வேண்டாம் என்று கடிதம் அனுப்பிவிட்டார்.

அந்தக் கருத்து எந்தத் தரப்பைச் சேர்ந்தது என்பதை நான் இங்கே வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் வரும் பதில்கள் அதைப் பொறுத்தே அமைந்துவிடும். 2024ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமி கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி பட்டத்தை அறிவித்தபோது, அவருடைய கருத்துகளை முன்வைத்து எழுந்த சச்சரவை நாங்கள் தொலைவிலிருந்து பார்த்து, இது பெரிய இடத்து விவகாரம் என்று இருந்துவிட்டோம். இப்போது அதே கேள்வி சிறிய அளவில் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. இசைக் கலைஞர்கள் தங்கள் அரசியல் கருத்துகளை வெளிப்படையாகப் பேசுவது முறையா? பேசிவிட்டால், எங்களைப் போன்ற அமைப்புகள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: முன்வரிசை ரசிகர்

செயலாளர் அவர்களுக்கு, நான் பல ஆண்டுகளாகச் சபாக்களில் உட்கார்ந்து கேட்பவன் என்ற முறையில் என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பேசுவதற்கு அவர்களுக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பேசாமல் இருப்பதே அவர்களுக்கு நல்லது, இசைக்கும் நல்லது.

கச்சேரி மண்டபம் என்பது, வெளியே ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத பல தரப்பினரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்து ஒரே தோடி ராக ஆலாபனைக்குத் தலையசைக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று. பாடகர் வாயைத் திறந்து, நீங்கள் வாக்களித்த கட்சி தவறானது என்று சொல்லிவிட்ட மறுகணம், அந்த ஆலாபனைக்கும் எனக்கும் நடுவில் அந்த வாக்கியம் வந்து நின்றுகொள்கிறது. விவரமாகப் பேசத் தெரிந்த கலைஞராக இருந்தாலும், இசையில் அவருக்குள்ள அதிகாரம் பொருளாதாரத்திலோ சட்டத்திலோ கிடையாது. ஆனால் ரசிகர்கள் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. குரல் இனிமையாக இருப்பதாலேயே கருத்தும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அந்தச் சலுகையைக் கலைஞர்கள் பயன்படுத்திக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எம்.எஸ். சுப்புலட்சுமி ஒருபோதும் மேடையில் கட்சி அரசியல் பேசியதில்லை. அதனாலேயே எல்லா வீட்டிலும் அவர் குரல் ஒலித்தது. புரவலரின் மிரட்டலை நான் ஆதரிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஏற்றுக்கொண்ட கச்சேரியை நடத்துங்கள். ஆனால் அடுத்த முறை அழைக்கும்போது யோசிப்பதில் தவறில்லை.

பதில் 2: ஏட்டுச் சுவடி

முன்வரிசை ரசிகர் ஐயா எழுதியதை மதிப்போடு படித்தேன். ஆனால் அவர் காட்டும் பழைய காலம் நிஜமாக இருந்த பழைய காலத்தோடு பொருந்தவில்லை.

நாம் இன்று அரசியலுக்கு அப்பாற்பட்டதாக எண்ணும் மியூசிக் அகாடமியே எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் அகில இந்திய இசை மாநாடும் கூட்டப்பட்டது. அங்கே எழுந்த யோசனையின் விளைவாகத்தான் 1928இல் அகாடமி தொடங்கப்பட்டது. எம்.எஸ். அம்மாவின் எடுத்துக்காட்டும் அவ்வளவு எளிதானதன்று. அவருடைய கணவர் சதாசிவம் காங்கிரஸ்காரர், இராஜாஜிக்கு மிக நெருக்கமானவர். 1941இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தில் எம்.எஸ். நாரதராக நடித்தது, சதாசிவமும் கல்கியும் சேர்ந்து தொடங்கிய பத்திரிகைக்கு முதல் திரட்டுவதற்காக. அவர் பேசவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் நின்ற இடம் எதுவென்று அன்றைய ரசிகர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. பேசாமலே தெரிந்துவிடும் அரசியலை நாம் அரசியலாகக் கணக்கிடுவதில்லை, அவ்வளவுதான்.

வெளிப்படையாகவே பேசியவர்களும் பாடியவர்களும் இருந்தார்கள். சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ், புராண நாடகத்தில் வேடமிட்டு நின்றபடியே வெள்ளையர் ஆட்சிக்கு எதிரான பாட்டுகளைப் பாடிப் பலமுறை சிறைக்குப் போனார். 1940இல் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. கே.பி. சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். பின்னாளில் சட்டமன்ற மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார். டி.கே. பட்டம்மாள் பாரதியின் விடுதலைப் பாட்டுகளைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் சென்னை வானொலியில் ஒலித்தது அவர் குரல்தான். நாகூர் ஹனிபாவைச் சொல்லாமல் விட முடியாது. திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடைப் பாடகர் என்பதை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை. ஆனாலும் அவருடைய இஸ்லாமியப் பக்திப் பாடல்களைக் கழகத்தைப் பிடிக்காதவர்களும் இஸ்லாமியர் அல்லாதவர்களும் விரும்பிக் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள்.

எனவே கலைஞர்கள் பேசலாமா என்ற கேள்வியை நாம் பொதுவாகக் கேட்பதே இல்லை. நமக்குப் பிடிக்காததை ஒருவர் பேசும்போது மட்டும் கேட்கிறோம். 2022 ஏப்ரலில் இளையராஜா ஒரு நூலின் முன்னுரையில் பிரதமர் மோதியையும் அம்பேத்கரையும் ஒப்பிட்டு எழுதியபோது, கலைஞன் இசையோடு நின்றுகொள்ள வேண்டும் என்று அறிவுரை கூறியவர்களில் பலர், ஈராண்டு கழித்துக் கிருஷ்ணாவின் கருத்துரிமைக்காக எழுதினார்கள். இளையராஜாவின் உரிமைக்காக அன்று வாதாடிய பலர், கிருஷ்ணா விஷயத்தில் அப்படியே மறுபக்கம் போய் உட்கார்ந்தார்கள். இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொன்னவர்கள் சிலரே.

2024 மார்ச்சில் பாடகிகளான ரஞ்சனி–காயத்ரி சகோதரிகள், கிருஷ்ணா பெரியாரைப் போற்றிப் பேசுவதைக் காரணமாகச் சொல்லி, அவர் தலைமை வகிக்கவிருந்த அகாடமி மாநாட்டிலிருந்து விலகினார்கள். அதுவும் ஓர் அரசியல் கருத்தின் வெளிப்பாடுதான். அதைச் செய்ய அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; கருத்துச் சொன்ன ஒருவரை எதிர்த்துக் கருத்துச் சொன்னவர்களை மட்டும் அரசியலற்றவர்கள் என்று கருதுவதைத்தான் ஏற்க இயலவில்லை. கிருஷ்ணாவின் தேர்வு நீண்டகால இசைத் திறமையை மட்டும் கொண்டே நடந்தது என்று அகாடமியின் தலைவர் முரளி பதிலளித்தார். செயலாளர் அவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய வரி அதுவே என்பேன். இந்தப் பெண்ணை எதற்காக அழைத்தீர்கள்? பாட்டுக்காக என்றால், அந்தப் பாட்டில் இப்போது என்ன குறைந்துவிட்டது?

பதில் 3: தனி ஆவர்த்தனம்

நான் மிருதங்கம் வாசிப்பவன். இதுவரை எழுதியவர்கள் பாடகர், ரசிகர், சபா, புரவலர் என்று நால்வரைப் பற்றிப் பேசினீர்கள். மேடையில் பாடகருக்கு இருபுறமும் இன்னும் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை யாரும் நினைக்கவில்லை. வழக்கமாக அப்படித்தான், கச்சேரியில் மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி வரும்போது ரசிகர்கள் காப்பி குடிக்க எழுந்து போவதுபோல.

பாடகி எழுதிய கருத்து அவருடையது. அதை எழுதுவதற்கு முன் வயலின்காரரையோ மிருதங்கக்காரரையோ அவர் கேட்டிருக்க மாட்டார். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கச்சேரி ரத்தானால் எங்கள் சன்மானமும் சேர்ந்தே போகிறது. அதைவிட மோசமானது, அவரோடு தொடர்ந்து வாசிப்பவன் என்பதாலேயே எங்கள் மீதும் அந்த முத்திரை விழுவது. ஒரு பாடகரோடு வாசித்துவந்த காரணத்தால், அவரைச் சற்றும் விரும்பாத ஒரு வெளிநாட்டுச் சங்கம், வேறொரு பாடகரோடு நான் போகவிருந்த பயணத்தில் என் பெயரை மட்டும் மாற்றச் சொன்னது. காரணம் எழுத்தில் வரவில்லை. தொலைபேசியில் நாசூக்காகச் சொன்னார்கள். இத்தனைக்கும் அந்த விஷயத்தில் பாடகரின் கருத்தோடு எனக்கே உடன்பாடு கிடையாது.

புகழ் பெற்றவர் பேசினால் ஒரு கதவு மூடும்போது இன்னொன்று திறக்கும். 2018 நவம்பரில் தில்லியில் இந்திய விமான நிலைய ஆணையமும், மாணவர்களிடையே செவ்வியல் கலைகளைப் பரப்பும் ஸ்பிக் மெக்கே அமைப்பும் ஏற்பாடு செய்திருந்த நிகழ்ச்சி, அதில் கிருஷ்ணா பாடுவதற்குச் சமூக ஊடகங்களில் எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைக்கப்பட்டது. சில நாள்களுக்குள் தில்லி மாநில அரசே அவருக்கு மேடை அமைத்துக் கொடுத்தது. மகசேசே விருது பெற்றவருக்கு அது நடக்கும். இருபத்தைந்து வயதில் மாலை நேர ஸ்லாட் ஒன்றுக்குக் காத்திருக்கும் வயலின்காரருக்கு எந்த அரசு மேடை போடும்? எனவே இசைக் கலைஞர்கள் பேச வேண்டும் என்று முழங்குபவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு: பேச்சின் செலவை யார் தலையில் ஏற்றுகிறீர்கள்?

இதனால் நான் முன்வரிசை ரசிகர் ஐயாவின் கட்சி என்று யாரும் எண்ண வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதும் பொய். 2018 ஆகஸ்டில் பாடகர் ஓ.எஸ். அருண் எந்த அரசியலும் பேசவில்லை. ஒரு கிறிஸ்தவப் பக்திப் பாடல் நிகழ்ச்சியில் பாட ஒப்புக்கொண்டிருந்தார், அவ்வளவே. எதிர்ப்பு எழுந்து, அதிலிருந்து விலக நேர்ந்தது. மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி மூட்டுகிறவர்களின் வாழ்வைப் பற்றிக் கிருஷ்ணா எழுதிய நூலை வெளியிடுவதற்கு 2020இல் முதலில் அரங்கம் தந்த கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. நான் தினமும் கையால் தொடும் மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் யார் உரித்தார்கள், யார் வார் பிடித்தார்கள் என்று சொல்வதே அரசியல் ஆகிவிட்ட பிறகு, நான் எதைப் பேசாமல் இருந்தால் பாதுகாப்பு என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

பதில் 4: முன்வரிசை ரசிகர்

ஏட்டுச் சுவடி சொன்ன வரலாற்றில் ஒன்றை மட்டும் ஏற்க மறுக்கிறேன். விடுதலைப் போராட்டக் காலத்தில் எதிரி வெளியே இருந்தான். அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு பக்கம். பட்டம்மாள் பாரதி பாட்டைப் பாடியபோது பக்கத்து நாற்காலிக்காரரோடு எனக்குச் சண்டை வரவில்லை. இன்றைய கருத்துகள் அந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவிலேயே கோடு கிழிக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் கருத முடியாது.

மற்றபடி, மிருதங்க வித்வான் எழுதியது என்னை யோசிக்க வைத்தது. அடுத்த முறை யோசிக்கலாம் என்று நான் எழுதியதன் பொருள், எழுத்தில் வராத அந்தத் தொலைபேசிப் பேச்சுதான் என்பது இப்போது விளங்குகிறது. ஆயினும் ரசிகனாக எனக்குள்ள உரிமையை விட்டுத்தர மாட்டேன்: ஒருவரின் பேச்சு என்னைப் புண்படுத்தினால் நான் சீட்டு வாங்காமல் இருப்பேன். மற்றவர்களுக்கும் அவர் பாடக் கூடாது என்று கேட்க மாட்டேன்.

பதில் 5: ஏட்டுச் சுவடி

விடுதலைக் காலத்து அரங்கு ஒரே பக்கமாக இருந்தது என்பது அவ்வளவு சரியன்று, ஐயா. 1940களில் தமிழிசை இயக்கம் கிளம்பியபோது, கச்சேரியில் தமிழ்ப் பாட்டு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்காகவே ரசிகர்களும் வித்வான்களும் இரண்டாகப் பிரிந்து பத்திரிகைகளில் எழுதித் தீர்த்தார்கள். அகாடமி வட்டாரத்தில் அதற்கு எதிர்ப்பு இருந்தது. கல்கி தமிழிசைக்காக ஓயாமல் எழுதினார். அன்றும் நாற்காலிகளுக்கு நடுவில் கோடு இருந்தது. இருந்தும் கச்சேரிகள் நடந்தன.

ஆனால் சீட்டு வாங்காத உரிமைக்கும் மேடையைப் பறிக்கும் அதிகாரத்துக்கும் தாங்கள் காட்டிய வேறுபாட்டை நான் முழுமையாக ஏற்கிறேன். புரவலர் முதலாவதை வைத்திருக்கிறார்; இரண்டாவதைக் கேட்கிறார்.

கேள்வி கேட்டவர்: சபாக் காரியதரிசி

அனைவருக்கும் நன்றி. நேற்றுச் செயற்குழு கூடியது. மூன்று மணி நேரம் பேசினோம். ஓரிருவர் கோபித்துக்கொண்டு எழுந்தும் போனார்கள். ஆவணிக் கச்சேரி அறிவித்தபடியே நடக்கும். புரவலருக்கு, தங்கள் நன்கொடையைத் தருவதும் தராததும் தங்கள் விருப்பம், கலைஞர் தேர்வு செயற்குழுவின் பொறுப்பு என்று மரியாதையாகவே எழுதிவிட்டோம். ஏற்படும் குறையை ஈடுகட்ட உறுப்பினர்களிடம் தனியாகக் கேட்பது என்றும், மார்கழியில் நடத்தவிருந்த இரண்டு கச்சேரிகளில் ஒன்றை விட்டுவிடுவது என்றும் முடிவு.

கலைஞர்களுக்கென்று ஒரு நிபந்தனை எழுதலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார்: சபா மேடையில் பாட்டுக்கு இடையே கட்சிப் பிரசாரம் கூடாது, மேடைக்கு வெளியே அவர்கள் எழுதுவதிலும் பேசுவதிலும் சபா தலையிடாது. பாடல் தேர்வையும் இதில் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னபோது மற்றவர்கள் மறுத்துவிட்டோம். பிறகு பாரதியைப் பாடுவதற்கே அனுமதிச் சீட்டு எழுத வேண்டியிருக்கும். இந்த நிபந்தனை நியாயமாகத் தோன்றுகிறதா?

பதில் 6: தனி ஆவர்த்தனம்

நியாயம்தான். கூடவே ஒன்றைச் சேருங்கள். சபா தன் காரணத்துக்காகக் கச்சேரியை ரத்து செய்தால், பக்கவாத்தியக்காரர்களுக்குப் பேசிய சன்மானத்தில் பாதியையாவது தருவது என்று எழுத்தில் வையுங்கள். பாடகியின் பெயரை நீக்கச் சொல்லி அடுத்த கடிதம் வரும்போது, நீக்கினால் எவ்வளவு செலவாகும் என்று செயற்குழு கணக்குப் பார்க்க வசதியாக இருக்கும். ஆவணிக்கு யார் மிருதங்கம் என்று தெரியவில்லை. அவருக்கு ரயில் டிக்கெட் எடுத்திருந்தால், கச்சேரி நிற்கவில்லை என்று இன்றே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இத்தனை நாளும் அவருக்கு யாரும் தகவல் சொல்லியிருக்க மாட்டார்கள்.