செல்ஃப் எடுக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அவசரம்!

குன்னத்தூரான்: நேற்று இரவு நன்றாக ஓடிய வண்டி. காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கிறது, எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. திருப்பூரில் முகூர்த்தம், அம்மா புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். என்ன செய்ய?

ஆயில்கறை: என்ன வண்டி? பெட்ரோலா, டீசலா?

மலைப்பாதை: பேட்டரிதான். டெர்மினலைச் சுரண்டிப் போடுங்கள்.

ஆயில்கறை: செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்தா? அதைச் சொல்லாமல் பேட்டரி என்று எப்படி முடிவு செய்வது?

குன்னத்தூரான்: பெட்ரோல் கார், 2011 மாடல். வேகமாகத்தான்.

ஸ்பேனர்செட்: முதல் பதிவிலேயே விவரம் போடுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது? பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன். எது இல்லை என்று பார்க்காமல் ஆளாளுக்கு ஆரூடம்! செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். பின்சீட் பக்கம், பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்ப் இரண்டு விநாடி சத்தம் போடுகிறதா? டேஷ்போர்டில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) விளக்கு மின்னுகிறதா? பிறகு செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் அசையாவிட்டால், எஞ்சின் சுற்றுவதைக் கணிக்கும் கிராங்க் சென்சாரையும் பார்க்க வேண்டும்.

மலைப்பாதை: அப்போ இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். பழைய வண்டிக்கு அது ஆகாது, எத்தனால் தண்ணீரை இழுத்து டேங்க் அடியில் தங்கும்.

பழையகார்பரேட்டர்: நானும் அதே பெட்ரோலைத்தான் ஊற்றுகிறேன். மைலேஜ் குறைந்தது, அவ்வளவுதான்.

மலைப்பாதை: ரப்பர் குழாய் போகும்போது தெரியும்.

பழையகார்பரேட்டர்: அது ஒரே ராத்திரியில் போகாது. உங்களுக்கு எதைத் தொட்டாலும் எத்தனால்!

குன்னத்தூரான்: எந்த விளக்கும் மின்னவில்லை. ஆர்.பி.எம். மீட்டரே கிடையாது. பம்ப் சத்தமும் இல்லை.

ஆயில்கறை: அப்படிச் சொல்லுங்க! முதலில் பம்ப் ஃபியூஸ். அது சரி என்றால் பம்ப் ரிலே, அதாவது பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச். பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியின் மூடியில் படம் இருக்கும். ஹார்ன் ரிலேயும் அதே நம்பராக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள், மழைக்காலம் வேறு.

மலைப்பாதை: டேங்கையும் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

குன்னத்தூரான்: ரிலேயை மாற்றினேன், எடுத்துவிட்டது! இப்போது ஹார்ன் அடிக்கவில்லை. கிளம்புகிறோம், நன்றி.

ஸ்பேனர்செட்: ஹார்ன் இல்லாமல் திருப்பூர் ரோட்டிலா? சரி, போய் வாருங்கள். ஆனால் புது ரிலே போடும்போது பம்ப் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று எலக்ட்ரீசியனை அளக்கச் சொல்லுங்கள். பம்ப் இறுகி அதிகம் இழுத்தால் அந்த ரிலேயும் கருகும்.

ஆயில்கறை: குன்னத்தூரான், அளந்தீர்களா?