18 இலக்க எண் எக்ஸெல்லில் கெட்டுப்போகிறது, 19-ஆல் வகுபடுமா என்று பார்ப்பது எப்படி?

தங்கச்சிமடம் டியூஷன்:
ராமேஸ்வரம் பின்கோடு 623526-ஐ மூன்று முறை ஒட்டி எழுதினால் 623526623526623526. பள்ளிக் கண்காட்சிக்கு இதன் பகாக் காரணிகள் வேண்டும். எக்ஸெல்லில் அடித்து என்டர் தட்டினால் கடைசி மூன்று இலக்கம் 000 ஆகிறது. பிறகு டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றியும் வரவில்லை. 19-க்கு மோட் (மீதி காணும் எக்ஸெல் சூத்திரம்) போட்டால் பிழைதான் காட்டுகிறது.

கீழக்கரை கணக்கு:
எக்ஸெல் 15 இலக்கத்தைத்தான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தைச் சுழியாக்கிவிடும். போனது போனதுதான். முதலில் கட்டத்தை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு அப்புறம் அடியுங்கள். ஆனால் அதை 1-ஆல் பெருக்கினால்கூட மறுபடி வெட்டிவிடும். மோட் பிழைக்குக் காரணம் வேறு: ஈவு மிகப் பெரிதானால் அந்தச் சூத்திரம் கைவிரித்துவிடும். எண் கெட்டதா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டினால் போதும். சரியான எண்ணுக்கு 72 (9-ஆல் வகுபடும்), எக்ஸெல் காட்டுவதற்கு 59.

மண்டபம் மாணவி:
ஆறாறு இலக்கமாக மூன்று கட்டத்தில் போடுங்க சார். 623526-ஐ 19-ஆல் வகுத்தால் மீதி 3. பத்து லட்சத்துக்கு மீதி 11. இனி முந்தைய மீதியை 11-ஆல் பெருக்கி 3 கூட்டணும்: 3×11+3=36, மீதி 17. 17×11+3=190, மீதி 0. வகுபடுது. கால்குலேட்டரே வேண்டாம்.

தங்கச்சிமடம் டியூஷன்:
அருமைம்மா. பைத்தான் நிரல்மொழியிலும் பார்த்தேன். 19-ஆல் வகுத்து முழு எண்ணாக மாற்றினால் 32817190711927552. திரும்பப் பெருக்கினால் 38 குறைகிறதே?

கீழக்கரை கணக்கு:
ஒற்றைச் சாய்கோடு தசம வகுத்தல். 9007199254740992-க்கு மேலே அதற்கு எல்லா முழு எண்ணும் பிடிபடாது, உங்கள் ஈவு இருக்கும் இடத்தில் நான்கு நான்காகத்தான் தாவும். இரட்டைச் சாய்கோடு // போடுங்கள், 32817190711927554 வரும். மீதிக்கு %.

காரணிகளுக்கு அந்தப் பெரிய எண்ணோடு மல்லுக்கட்டவே வேண்டாம். மூன்று முறை ஒட்டுவது என்றால் 1000001000001-ஆல் பெருக்குவது. அது 1001001×999001. முதலாவது 3×333667, அடுத்தது 19×52579. பின்கோடு 2×3×17×6113. எல்லாம் சேர்த்து:

2×3²×17×19×6113×52579×333667

அடுக்குகளில் ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால் மொத்த வகுத்திகள் 192. இரண்டு முறை மட்டும் ஒட்டினால் பெருக்குவது 1000001, அதாவது 101×9901. அதில் 19 வராது.

தங்கச்சிமடம் டியூஷன்:
பாம்பன் 623521 எடுத்தாலும் 19 வருமா காக்கா (அண்ணே)?

கீழக்கரை கணக்கு:
மூன்று முறை ஒட்டினால் எந்தப் பின்கோடுக்கும் 3, 19, 52579, 333667 நிச்சயம். ஆனால் பாம்பனுக்கு இலக்கக் கூட்டல் 57, அதனால் 9-ஆல் வகுபடாது. அட்டையில் 9-ஐ எல்லா ஊருக்கும் பொதுவாக எழுதிவிடாதீர்கள்.