புதுப்பிப்பு: சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு ரெஸ்யூம், விட்டுப்போன விஷயம்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு, ரெஸ்யூமை ஒரே பக்கத்தில் முடிக்கச் சொல்லியிருந்தேன். அது மட்டும் போதாது. ‘செலினியம் தெரியும்’ (வெப்சைட்டைத் தானாகச் சோதிக்க உதவும் கருவி) என்று எழுதினால் யார் நம்புவார்கள்? ஒரு பயிற்சித் தளத்தின் லாகின் பக்கத்துக்கு 15 டெஸ்ட் கேஸ் (எதை எப்படிச் சோதிப்பது, என்ன நடக்க வேண்டும் என்ற குறிப்பு) எழுதி, கோடுகளைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றுங்கள். லிங்க் உங்கள் பெயருக்குக் கீழேயே இருக்கட்டும்.

கூடவே ஒரு பக் ரிப்போர்ட், அதாவது பிழை அறிக்கை. ‘லாகின் ஆகவில்லை’ என்பது ரிப்போர்ட்டே இல்லை. ‘பாஸ்வேர்டின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் விழுந்தால், பிழைச் செய்தி வராமல் பக்கம் வெறுமையாகிறது’: இப்படி எழுதி, செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, பிரவுசர் பதிப்பு எல்லாம் சேருங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும்.

சிவியரிட்டி (பிழையின் பாதிப்பு எவ்வளவு), பிரையாரிட்டி (எவ்வளவு சீக்கிரம் சரிசெய்ய வேண்டும்) வித்தியாசத்தை உதாரணத்தோடு சொல்லப் பழகுங்கள். முகப்பில் கம்பெனிப் பெயரே தப்பாக இருந்தால் முதலாவது குறைவு, இரண்டாவது அதிகம்.

வேலைக்கு முன்பணம் கேட்டால், தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.