பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், அந்த இடத்தை விட்டுவிடலாமா?

கேள்வி: கொஞ்ச நாளாகப் பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது. வலி இல்லை, ஆனால் ஈறு சிவந்து லேசாக வீங்கியிருக்கிறது. அந்த இடத்தில் பிரஷ் படாமல் விடலாமா? அப்புறம், கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: விட்டுவிடாதீர்கள். அங்கேதான் கிருமிப் படலம் சேர்ந்திருக்கும், பெரும்பாலும் அதனால்தான் ரத்தமே வரும். மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரமாக 45 டிகிரி சாய்த்து, அழுத்தாமல், காலையும் இரவும் 2 நிமிடம் துலக்குங்கள். பல் இடுக்குக்கு ஃபிளாஸ் என்ற மெல்லிய நூல் வேண்டும்.

பதில்: வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள், ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலேயே முற்றும். வெறும் ஈறு அழற்சி என்றால் முழுதாகச் சரியாகிவிடும். பல்லைத் தாங்கும் எலும்பு வரை போய்விட்டால் கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. கிளீனிங்கால் பல் ஆடாது. பல்லில் படிந்து கெட்டியான காரை பிரஷ்ஷுக்கு அசையாது, பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும். எடுத்தபின் வீக்கம் வடிந்து இடுக்கு தெரிவதால் அப்படித் தோன்றும், அவ்வளவுதான்.

பதில்: சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். அது கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும், அதை வைத்து ஈறு நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது.