முட்டை போடாத மொலாசஸ் குக்கி: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

அடுப்படி (மாசச்சூசெட்ஸ்):

பாஸ்டனுக்கு வடக்கே, எங்க பக்கத்துக் கடலோர ஊர்கள்ல டிசம்பர் வந்தா அக்கம்பக்கத்தார் சேர்ந்து குக்கி பரிமாறிக்கிற வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரே ஒரு வகையை நிறையச் சுட்டு எடுத்துட்டு வருவாங்க. திரும்பிப் போறப்ப எல்லார் வீட்டு வகையும் கொஞ்சம் கொஞ்சம் கையில இருக்கும். நாங்க முட்டை சேர்க்கிறதில்ல. அதனால நான் கொண்டுபோனதைக் கொடுத்துட்டு, கையை வீசிக்கிட்டு வந்துடுவேன். இதைக் கவனிச்சுட்டே இருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு நாள், "எங்க ஊர்ல உனக்குன்னே ஒண்ணு இருக்கு, முட்டையே கிடையாது, நாளைக்கு வா"ன்னு கூப்பிட்டாங்க. அவங்க மார்பிள்ஹெட்ல பிறந்து வளர்ந்தவங்க. அப்படித்தான் ஜோ ஃப்ராகர்ங்கிற இந்த மொலாசஸ் குக்கி எனக்கு அறிமுகம். மொலாசஸ்னா சர்க்கரை எடுத்தப்புறம் மிஞ்சுற கறுப்புக் கரும்புப் பாகு.

மார்பிள்ஹெட் பழைய மீன்பிடித் துறைமுகம். அங்க ஜிஞ்சர்பிரெட் ஹில்னு ஒரு குன்று, பக்கத்துல ஒரு குளம். அமெரிக்க விடுதலைப் போர்ல பங்கெடுத்த ஜோசப் பிரவுன்ங்கிற கறுப்பினத்தவரும் அவர் மனைவி லுக்ரீஷியாவும் அந்தக் குன்றுல ஒரு விடுதி நடத்தினாங்க. லுக்ரீஷியா சுட்ட பெரிய பெரிய மொலாசஸ் குக்கிகளை மீனவர்கள் பீப்பாயில போட்டு கடலுக்கு எடுத்துப் போவாங்களாம். முட்டையும் பாலும் சேராததால வாரக்கணக்குல கெடாது. மாவைக் கடல் தண்ணியிலயே பிசைஞ்சாங்கன்னு ஊர்ல சொல்றாங்க. இப்ப யாரும் கடல் தண்ணி எடுக்கிறதில்ல. கொஞ்சம் வெந்நீரும் ரம்மும் கலந்து, அதுல உப்பைக் கரைச்சு ஊத்துறாங்க. அந்த உப்பை மட்டும் குறைச்சுடாதீங்க. இஞ்சியும் கிராம்பும் நாக்குல எழுந்து நிக்கிறதே அதனாலதான்.

பாட்டி முதல்ல செஞ்ச வேலையே எனக்குப் புதுசு. ஒரு கப் மொலாசஸை ஒரு பெரிய கிண்ணத்துல ஊத்தி, ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைப் போட்டுக் கலக்கி, அப்படியே விட்டுட்டாங்க. பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துல கறுப்பா இருந்தது வெளிறி, நுரைச்சுப் பொங்கி, ரெண்டு மடங்காயிடுச்சு. மொலாசஸ்ல புளிப்புத்தன்மை இருக்கு, சோடா பட்டதும் காற்று கிளம்புது. முட்டை இல்லாமலே குக்கி எழும்புற வழி இதுதான். அப்புறம் அரைக் கப் வெண்ணெய் (அந்தக் காலத்துல பன்றிக் கொழுப்புதான் போட்டிருக்காங்க), ஒரு கப் சர்க்கரை, மூணு கப் மைதா, ஒன்றரை டீஸ்பூன் உப்பு, மூணுல ஒரு பங்கு கப் ரம், சுக்குப்பொடி, ஆல்ஸ்பைஸ் (மிளகு மாதிரி இருக்கிற ஒரு வாசனைக் காய்), ஜாதிக்காய், கிராம்பு. மாவு கையில பிசுபிசுன்னு ஒட்டும். பயந்து மைதாவை அள்ளிப் போடக் கூடாது. ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வெச்சா மறுநாள் தேய்க்கிற பதத்துக்கு வந்துடும். கால் அங்குல கனத்துல தேய்ச்சு, அகலமான மூடியால வட்டம் வெட்டி, 375 டிகிரி ஃபாரன்ஹீட்ல எட்டு நிமிஷம். நடுப்பாகம் இன்னும் வேகலையோன்னு தோணுறப்பவே எடுத்துடணும். தட்டுல இருக்கிற சூட்டுல மீதி வெந்துக்கும்.

மொலாசஸ் குக்கி சுட்டுப் பார்த்தவங்க, யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

மொட்டைமாடி (நியூஜெர்சி):

அருமை அக்கா! கடையில லைட், டார்க், பிளாக்ஸ்ட்ராப்னு மூணு பாட்டில் இருக்கு, எதை எடுக்கிறது? ஊர்லேர்ந்து வந்த மண்டை வெல்லம் இருக்கு, அதைப் பாகு காய்ச்சி ஊத்தலாமா? ரம் இல்லாமலும் வருமா?

கெடிலக்கரை (கனெக்டிகட்):

தங்கச்சியின் முதல் கேள்விக்கு என் அப்பா சொன்னதையே பதிலாகத் தருகிறேன். அவர் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன குளிர்காலத்தில் இங்கே வந்திருந்தபோது, என் மனைவி கிறிஸ்துமஸ் விருந்துக்கு எடுத்துப்போக மொலாசஸ் குக்கிக்கு மாவு கலந்துகொண்டிருந்தாள். அப்பா பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தவர், "இதையா சாப்பிடப் போறீங்க?" என்று திகைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த மொலாசஸ் டேங்கர் லாரியில் சாராய ஆலைக்குப் போவது. கொஞ்சம் மாட்டுத் தீவனத்துக்கும் போகும். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இல்லப்பா, இது முதல் காய்ச்சல்" என்றார்.

அதன்பின் உட்கார்ந்து விளக்கினார். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை பூத்ததும், வேகமாகச் சுழலும் எந்திரத்தில் விட்டுப் படிகத்தைத் தனியாகப் பிரிப்பார்கள். வடிகிற பாகுதான் முதல் மொலாசஸ். அதில் இன்னும் இனிப்பு நிறைய இருக்கும். அதை மறுபடி காய்ச்சிச் சர்க்கரை எடுத்தால் இரண்டாவது, இன்னும் கறுப்பு. மூன்றாம் முறையும் எடுத்தபின் மிஞ்சுவதுதான் கடைசிப் பாகு. அதில் கசப்பு தூக்கலாகிவிடும், தாது உப்புகளும் திரண்டு நிற்கும். ஆலை முற்றத்துத் தொட்டியில் அவர் பார்த்தது அந்தக் கடைசிப் பாகு. இங்கே பிளாக்ஸ்ட்ராப் என்று விற்பதும் அதுவே. குக்கிக்கு அது வேண்டாம். டார்க் என்று இருப்பதை எடுங்கள், குழந்தைகளுக்கென்றால் லைட் போதும்.

அந்தப் பயணத்தில் அப்பாவை பாஸ்டன் நார்த் எண்டுக்குக் கூட்டிப்போனேன். 1919 ஜனவரி 15 அன்று அங்கே கமர்ஷியல் தெருவோரம் இருந்த மொலாசஸ் தொட்டி வெடித்து 21 பேர் இறந்தார்கள், 150 பேர் காயப்பட்டார்கள். ஐம்பது அடி உயரத் தொட்டி, உள்ளே 23 லட்சம் காலன். இப்போது அந்த இடத்தில் விளையாட்டுத் திடல், ஒரு சின்ன நினைவுப் பலகை, அவ்வளவுதான். தொட்டி ஒழுகியபோது, ஒழுகல் கண்ணில் படாதிருக்க அதற்குப் பழுப்பு வண்ணம் அடித்தார்கள் என்று நான் சொன்னதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. "தகடு மெல்லிசா போட்டிருப்பான். தண்ணியைவிட ஒன்றரை மடங்கு கனம் அது, தொட்டிக்குப் பக்கத்துல வேலை பார்க்கிறவனுக்குத் தெரியும்" என்றார். பிற்பாடு நடந்த ஆய்வுகளும் தகட்டின் கனம் போதவில்லை என்றுதான் சொல்கின்றன. முப்பது வருடம் அப்படிப்பட்ட தொட்டிகளின் ஓரமாக நடந்த மனிதர் அந்தப் பலகையைப் படித்து முடிக்கும்வரை நானும் என் மனைவியும் பேசவில்லை. பெற்றோரை பாஸ்டனுக்கு அழைத்துப்போகிறவர்கள் ஹார்வர்டோடு திரும்பிவிடாமல் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

பனைநிழல் (டொரொன்டோ):

நான் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில வேலை செய்யிறன். என்னோட நிக்கிற மனுசி கனடாவின்ர கிழக்குக் கரையில இருக்கிற கேப் பிரெட்டன் ஆள். நத்தார் (கிறிஸ்துமஸ்) கிட்ட வந்தால் அவ ஃபட் ஆர்ச்சி எண்டு ஒரு மொலாசஸ் பிஸ்கற் போடுவா. தடிப்பாய், சரியான மெதுவாய் இருக்கும். அந்தக் கரையில இருந்து வந்த முதியவையள் அந்த வாசம் வந்தவுடன பேசத் தொடங்கீடுவினம். வேற நாளில வாயே திறக்காத ஒரு ஐயா ஒரு பின்னேரம், தன்ர தாய் பிச்ச பாணுக்கு (ரொட்டிக்கு) மொலாசஸ் ஊத்தித் தாறதைப் பற்றி எனக்கு அரை மணித்தியாலம் சொன்னவர்.

வெல்லம் போடலாமோ எண்டு கேட்ட பிள்ளைக்கு: நான் கித்துள் பாணியிலயும் (கித்துள் மரத்துப் பாகு) பனங்கட்டி கரைச்சும் போட்டுப் பாத்தனான். ருசி இருக்கு, ஆனா அது வேற பிஸ்கற். அந்தக் கறுப்பும் வராது, அடித்தொண்டையில நிக்கிற அந்தச் சின்னக் கசப்பும் வராது. பனங்கட்டியை அதுக்குரிய பணியாரத்துக்கு வையுங்கோ. இங்க கிழக்குக் கரைச் சனம் குறோஸ்பிஸ் மொலாசஸைத்தான் நம்பும். 1879 இல தொடங்கின கொம்பனி, நியூ பிரன்சுவிக்கில சென்ற் ஜோனில இருக்கு. இஞ்ச இருந்து மீனும் மரமும் கரீபியன் தீவுகளுக்குப் போக, அங்க இருந்து கப்பலில மொலாசஸ் வந்த காலத்துப் பழக்கம் இது.

தரங்கை (வட கரோலினா):

எங்கள் ஊர் வின்ஸ்டன்-சேலம். இங்கே மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபையாரின் குக்கி. அதே மொலாசஸ், அதே இஞ்சி, கிராம்பு, பட்டை. ஆனால் அப்பளத்தைவிட மெல்லிசு. துணி விரித்த பலகையில் வைத்துத் தேய்க்கிறார்கள், மாவு ஒட்டாமல் இருக்க உருட்டுக்கட்டைக்கும் துணி உறை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் அம்மா தேவாலயப் பெண்களோடு சேர்ந்து இதைத் தேய்ப்பதை உட்கார்ந்து பார்த்தேன். அடியில் வைத்த படம் மாவு வழியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே தேய்க்கிறார். அந்தக் கை வராமல் என்னால் இன்றைக்கும் அவ்வளவு மெல்லிசாக எடுக்க முடிவதில்லை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

நான் பிறந்தது பொறையாறு பக்கம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். தரங்கம்பாடி என்றதும் அவருக்குத் தெரிந்திருந்தது! 1760இல் மொரேவியன் சபையினர் டேனிஷ்காரர்களின் ஆதரவோடு அங்கே வந்து, நிக்கோபார் தீவுகளுக்குப் போவதற்காகக் குடியேறினார்கள், நாற்பது வருடம் போல இருந்தார்கள். 1753இல் வட கரோலினாவுக்கு வந்து குடியேறியதும் அதே சபை. சேலம் நகரத்தை 1766இல் கட்டத் தொடங்கியதும் அவர்கள்தான். எங்கள் ஊர்ப் பெயரை அவர்கள் சபை வரலாற்றில் படித்திருக்கிறார். அன்றைக்கு எனக்கு ஒரு டப்பா நிறையக் கொடுத்து அனுப்பினார்.

கெடிலக்கரை:

பனைநிழல் அக்கா சொன்ன கப்பல் வழியில் இன்னொன்றும் இருக்கிறது. நியூ இங்கிலாந்திலிருந்து தீவுகளுக்குப் போன கருவாட்டில் மட்டமானது அங்கே கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு உணவானது. அவர்கள் உழைப்பில் வந்த மொலாசஸ் இங்கே ரம்மாகவும் குக்கியாகவும் ஆனது. அடிமை முறை ஒழிந்தபின் அந்தத் தோட்டங்களுக்கு நம் ஆட்களைக் கொண்டுபோனார்கள். 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து முதல் கப்பல்கள் போயின. எங்கள் கடலூருக்குப் பக்கத்துக் கரை அது. இந்தக் குக்கியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது லுக்ரீஷியா பிரவுனின் பெயரோடு இதையும் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுப்படி:

கட்டாயம் சொல்லணும் அண்ணா. மார்பிள்ஹெட் பழைய கல்லறைத் தோட்டத்துல ஜோசப் பிரவுனுக்கு நினைவுக்கல் இருக்கு. அடுத்த தடவை அப்பாவைக் கூட்டிட்டு வந்தா சொல்லுங்க, நானும் பாட்டியும் வர்றோம்.

மொட்டைமாடிக்கு: ரம் வேண்டாம்னா அதே அளவுக்கு ஆப்பிள் ஜூஸ் ஊத்து. வாசனை மட்டும் கொஞ்சம் குறையும், மத்தபடி சரியா வரும். ஆல்ஸ்பைஸ் கிடைக்கலைன்னா தனியாவை லேசா வறுத்துப் பொடிச்சுப் போடு. இது நானா சொல்றதில்ல. 1796ல வந்த அமீலியா சிம்மன்ஸோட அமெரிக்கச் சமையல் புத்தகத்துல மொலாசஸ் ஜிஞ்சர்பிரெட்டுக்குத் தனியா இல்லேன்னா ஆல்ஸ்பைஸ்னுதான் இருக்கு. நான் தனியா போட்டதைச் சாப்பிட்டுட்டு பாட்டி இன்னொண்ணு கேட்டு வாங்கினாங்க.

தரங்கை, அந்தத் துணி உறை எங்க கிடைக்கும்னு கேட்டுச் சொல்லுங்களேன். பனைநிழல் அக்கா, ஃபட் ஆர்ச்சி அளவுகளை அந்த அம்மாகிட்ட வாங்கி இங்க போடுங்க. அதுல முட்டை சேர்ப்பாங்களான்னும் கேளுங்க.

சுட்ட அன்னைக்கே சாப்பிட்டுப் பார்த்து முடிவு பண்ணிடாதீங்க. ரெண்டு நாள் கழிச்சுத்தான் மசாலா இறங்கும், குக்கியும் மிருதுவாகும். காத்துப் புகாத டப்பாவுல ஒரு ரொட்டித் துண்டும் போட்டு மூடி வெச்சா வறண்டு போகாது. இருபதாம் தேதி வாக்குல சுட்டா கிறிஸ்துமஸுக்குச் சரியா இருக்கும்.