புதுப்பிப்பு: ரோபோ வண்டியின் நேரலைக் கேமரா இப்போது அறுபடாமல் ஓடுகிறது

நான்கு சக்கர ரோபோ வண்டியில் இஎஸ்பி32-கேம் என்ற, வைஃபையும் கேமராவும் கொண்ட சிறிய மின்னணுப் பலகையைப் பொருத்தி, அதன் படத்தை வைஃபை வழியே கைப்பேசியில் பார்க்க முயன்றபோது, வண்டி கிளம்பும் ஒவ்வொரு முறையும் கேமரா அணைந்து மீண்டும் தொடங்குகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது.

காரணம் மின்சாரம்தான். நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் நொடியில் மோட்டார்கள் இழுக்கும் மின்னோட்டம், சீராக ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் மின்னழுத்தம் சட்டென்று சரிய, பலகையின் சிப்பில் உள்ள பிரவுன்அவுட் காப்பு (மின்னழுத்தம் குறைந்தால் செயல்படும் பாதுகாப்பு) சிப்பை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவைக்கிறது. அந்தக் காப்பை நிரலிலேயே முடக்கிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். சுரம் காட்டுகிறது என்பதற்காக வெப்பமானியை உடைக்கும் வேலை அது. மாறாக, கேமராவுக்கென்று தனியாக, மின்னழுத்தத்தைக் குறைத்து 5 வோல்ட்டாகத் தரும் பக் கன்வெர்ட்டர் ஒன்றை வைத்து, பலகையின் மின் பின்களை ஒட்டியே திடீர்ச் சரிவைத் தாங்க 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் பற்றவைத்தேன். மோட்டார் டிரைவரின் (மோட்டார்களை இயக்கும் சுற்று) கிரவுண்டும், அதாவது சுழிய வோல்ட் முனையும், கேமராவின் கிரவுண்டும் இணைந்தே இருக்க வேண்டும்.

படம் தாமதமாக வந்ததற்குப் படத்தின் அளவே காரணம். பலகையில் உள்ள ஓவி2640 கேமரா 1600×1200 புள்ளிகள் வரை தரும் என்றாலும், ஒவ்வொரு சட்டகமும் தனித்தனி ஜேபெக் படமாகவே அனுப்பப்படுவதால், வண்டி ஓட்டுவதற்கு 320×240 போதும்; அழகு குறைகிறது, ஆனால் சுவரில் மோதுவதில்லை.

வெளி ஆன்டெனா பொருத்த விரும்புவோர், பலகையின் ஆன்டெனா இணைப்பியின் அருகே உள்ள கடுகளவு சுழிய ஓம் மின்தடையை (வெறும் இணைப்புக் கம்பிபோல் செயல்படுவது) இடம்மாற்றிப் பற்றவைக்க வேண்டும். உருப்பெருக்கி இல்லாமல் அதில் கைவைக்க வேண்டாம்.