பாங்காக்கில் அம்மாவுக்கு ஏற்ற சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அம்மாவை பாங்காக் கூட்டிப்போகிறேன். சிலோம் மாரியம்மன் கோயில் பக்கம்தான் தங்குகிறோம். அம்மா சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. பால், நெய் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் வட இந்திய ஓட்டல்களை மட்டும் நம்பிப் போக முடியாது.

அங்கே வெறும் கீரை வதக்கலில்கூட மீன் சாஸோ சிப்பி சாஸோ ஊற்றிவிடுவார்கள். பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால் கிடக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பாக ‘ஜே’ என்று தாய் எழுத்தில் போட்ட கடைகள்தான் அம்மாவுக்குச் சரி. கறி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது. பூண்டு, வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள். அக்டோபர் வாக்கில் வரும் சைவத் திருவிழாவில் தெருவெங்கும் இந்தக் கொடி பறக்கும். நாங்கள் போவது அந்தச் சமயம் இல்லை.

சிலோம், சாதோர்ன் பக்கம் வருஷம் முழுக்க நடக்கிற ஜே கடை தெரிந்தால் சொல்லுங்கள். நீங்களே சாப்பிட்ட இடமாக இருந்தால் ரொம்ப நல்லது. அம்மாவுக்கு மூட்டுவலி, நிறைய நடக்க முடியாது. காலையிலேயே திறக்கிற கடையா என்றும் குறிப்பிடுங்கள். மாத்திரை போடுமுன் சாப்பிட்டாக வேண்டும்.

“மீன் சாஸ், முட்டை, பால் வேண்டாம்” என்று யாராவது தாய் எழுத்தில் எழுதித் தந்தால் கடைக்காரரிடம் காட்டிக்கொள்வேன்.